பழைய லயத்துத் தளத்தில் ஆறாவது குரல்

முட்டிக்குக் கீழே தொங்கும் கால்சட்டையோடு கூடைப்பந்து ஆடிய முதல் ஆள் அமெரிக்காவில் இல்லை. மலேசியாவின் கேமரன் மலையில், ஒரு தேயிலைத் தோட்டத்தில், என் கண் முன்னால் ஆடினான். அவன் என் மனைவியின் தம்பி. கால்சட்டை என்னுடையது.

இதைச் சொன்னால் என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். தொலைக்காட்சியில் அமெரிக்க ஆட்டம் ஓடும்போது நானும் பார்க்கிறேன். தொளதொளவென்று உடை, கழுத்தில் சங்கிலி, தலையில் கோடு கோடாகச் சிரைத்த முடி, பந்தைப் போட்டுவிட்டு எதிரியின் முகத்துக்கு நேரே இரண்டு வார்த்தை. ஆட்டக்காரன் அரங்கத்துக்குள் நுழைவதற்கே மேளம். அமெரிக்கா மட்டுமா? ஜப்பான்காரன், பிலிப்பைன்ஸ்காரன், ஐரோப்பாக்காரன் எல்லாரும் இப்போது அதே நடைதான் நடக்கிறான். அதற்குப் பெயர் ஹிப் ஹாப் என்று பிள்ளைகள் சொல்லித் தெரிந்துகொண்டேன். பெயர் தெரியாத காலத்திலேயே அதை லோரியில் ஏற்றி மலைக்குக் கொண்டுவந்தவன் நான்.

நான் தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். லோரியில் கிளீனராகத் தொற்றி ஏறினேன். ஓட்டுநர் ஆனேன். பிறகு சொந்தமாக ஒரு லோரி, அதற்கும் பிறகு அந்த லோரிகளை ஓட்ட ஆட்கள். திரிங்காப்பிலும் கோலா தெர்லாவிலும் காய்கறி ஏற்றுகிற எவனை வேண்டுமானாலும் கேளுங்கள், என்னைத் தெரியும். யாரும் கைதூக்கி விடவில்லை. சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமும் இல்லை. ஆனால் எல்லாவற்றையும் சத்தமாகச் சொல்கிற எனக்கு, இந்த ஒரு சங்கதியைச் சொல்ல வரும்போது மட்டும் குரல் தானாகத் தணிந்துவிடுகிறது.

எண்பதுகளில் நான் பிரிஞ்சாங் டவுனில் எங்கள் வாயில் தவுக்கே என்கிற ஒரு சீன முதலாளியின் கோபிஸை சிங்கப்பூர் துறைமுகத்துக்கு ஏற்றிக்கொண்டு போவேன். கப்பல்காரர்களுக்கு இந்த மலை முட்டைக்கோஸ் என்றால் உயிர். ஒருநாள் அங்கே அமெரிக்கக் கறுப்பின மாலுமி ஒருவன், குழந்தையைத் தூக்குவதுபோல ஒரு பெரிய ரேடியோவைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றான். அதிலிருந்து வந்தது பாட்டா திட்டா என்று எனக்குப் புரியவில்லை. ராகம் கிடையாது. தாளம் மட்டும், அதன்மேல் ஒருத்தன் மூச்சுவிடாமல் பேசுகிறான். நடுவில் அவன் ஒரு குரல் கொடுக்கிறான், ஒரு கூட்டமே பதில் குரல் கொடுக்கிறது. அதற்கும் அடியில் சிமெண்டுத் தரையில் பந்து தட்டுகிற சத்தம். தன் ஊர்த் தெருவில் பையன்கள் கூடைப்பந்து ஆடும்போது அங்கேயே பதிவு செய்தது என்று கையைக் காட்டிச் சொன்னான். எங்கள் தோட்டத்துத் தேயிலைப் பொட்டலங்களைக் கொடுத்தேன், கேசட்டைக் கொடுத்தான்.

மச்சானுக்காகத்தான் வாங்கினேன். அவன் அப்போது தோட்டத்துத் தொழிற்சாலையில் இலை உலர்த்தும் அடுப்பு அறையில் வேலை. பனைமரம் மாதிரி வளர்த்தி. பிரிஞ்சாங்கில் என் லோரி சரக்கு ஏறுகிற நேரத்தில் சீனப் பள்ளிக்கூடத்துத் திடலில் பந்து தட்டிப் பழகியவன். கோலாலம்பூரில் சில கம்பெனிகள் சொந்தமாகக் கூடைப்பந்து அணி வைத்திருந்தன. நன்றாக ஆடுகிறவனுக்கு அங்கேயே வேலையும் தங்க இடமும் உண்டு. மச்சானுக்கு மலையை விட்டு இறங்க இருந்த ஒரே வழி அது.

"எங்கப்பா அந்த அடுப்பு ரூமுலதான் இருமி இருமி செத்தாரு மாமா. நானும் அங்கயே சாவணுமா?" என்று கேட்டான்.

"நான் இருக்கேன்ல? ஆடுறதுக்கு எடம் நான் புடிச்சுத் தர்றேன் லா," என்றேன்.

இடம் என்றால் சமதளம் வேண்டும். எங்கள் மலையில் சமமாக இருப்பது தட்டில் போட்ட சோறு மட்டும்தான். மீதி எல்லாம் சரிவு. ஒரே ஒரு இடம் இருந்தது, பழைய லயத்துத் தளம். ஒருகாலத்தில் வரிசை வீடுகள் நின்ற இடம். கீழ்ச்சரிவில் மண் சரிந்ததற்குப் பிறகு, இங்கே ஆள் குடியிருக்கக் கூடாது என்று நிர்வாகம் எல்லாரையும் மேலே புது லயத்துக்கு மாற்றிவிட்டு, கூரையையும் சுவரையும் பிரித்துக்கொண்டு போய்விட்டது. சிமெண்டுத் தரை மட்டும் மிச்சம். அடுப்படி இருந்த இடங்கள் இன்னமும் கறுப்பாகத் தெரியும். தளத்தின் ஒரு பக்கம் ரோடும் மண்மேடும், மறு பக்கம் விளிம்பு. விளிம்பைத் தாண்டினால் செங்குத்தாகத் தேயிலைச் சரிவு.

தோட்டத்து ஆபீஸ் கிராணியிடம் நானே பேசி அனுமதி வாங்கினேன். தேயிலைப் பெட்டிப் பலகைகளைச் சேர்த்து ஆணியடித்துப் பந்து மோதும் பலகை. பிரிஞ்சாங் பட்டறையில் இரும்புக் கம்பியை வளைத்து வளையம். வளையத்துக்குக் கீழே கோபிஸ் கட்டுகிற சிவப்பு வலை. எல்லாம் என் யோசனை. திறந்து வைக்கிற அன்று என் மாமியார் வந்தார். கொழுந்து எடுத்துவிட்டுத் தலைத்துணிகூட அவிழ்க்காமல் நேராக வந்து நின்றார்.

"மாப்ள, இந்த எடம் வேணாங்க."

"ஏன் அத்தை, பேய் புடிச்சிருமா?"

"பேயின்னா மந்திரிச்சு ஓட்டிரலாம். இங்க ஒருத்தி இன்னும் எண்ணிக்கையில வரலீங்க."

அவர் சொன்னது என்ன என்று மற்றவர்களுக்குத் தெரிய வேண்டுமானால் எங்கள் தோட்டத்து வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும்.

மலையில் மத்தியானத்துக்கு மேல் பனி இறங்கும். இறங்கிவிட்டால் நீட்டிய கை தெரியாது. அந்த நேரத்தில் கங்காணி மேலே பாதையில் நின்று "ஹோய்..." என்று ஒரு குரல் விடுவார். முதல் நிரையில் கொழுந்து எடுப்பவள் பதில் குரல் கொடுப்பாள். பிறகு அடுத்த நிரைக்காரி, பிறகு அதற்கடுத்தவள். இப்படியே கடைசி நிரை வரைக்கும் போகும். கங்காணி கண்ணால் எண்ணுவதில்லை, காதால் எண்ணுவார். எல்லாக் குரலும் வந்து முடிந்தால் "எல்லாம் ஏறியாச்சா?" என்பார். "ஏறியாச்சு" என்று பதில் வந்ததும் அன்றைய வேலை முடிந்தது. இதில் ஒரே ஒரு சட்டம்தான். ஒருத்திக்கு ஒரு குரல். அடுத்தவளுக்காக யாரும் குரல் கொடுக்கக் கூடாது.

எழுபதுகளின் தொடக்கத்தில், மச்சான் கைக்குழந்தையாக இருந்தபோது, என் மாமியார் அப்படிக் கொடுத்தார். பக்கத்து வீட்டுக்காரி, கல்யாணமாகி வந்த புதுப்பெண். தோட்டத்திலேயே வேகமான கை அவளுக்குத்தான். மற்றவள் ஒரு பிடி பறிப்பதற்குள் அவள் இரண்டு பிடியைக் கூடைக்குள் வீசியிருப்பாள். அன்றைக்குப் பனி இறங்கியபோது, "அக்கா, ஓடையில கால் கழுவிட்டு வந்துர்றேன், எனக்கும் சேத்து ஒரு கொரலு குடுத்துரு" என்று சொல்லிவிட்டுப் பழைய லயத்துக்குக் கீழே இறங்கினாள். என் மாமியார் தன் குரலில் ஒன்று, மெல்லிய குரலில் இன்னொன்று கொடுத்தார். கணக்குச் சரியாக இருந்தது. எல்லாரும் ஏறினார்கள். அந்தச் சாயங்காலம்தான் கீழ்ச்சரிவில் மண் சரிந்தது. கணக்கு முடிந்துபோனதால் விடிகிற வரைக்கும் யாரும் அவளைத் தேடவில்லை. மறுநாள் கூடை கிடைத்தது, கூடை நிறையக் கொழுந்தும் இருந்தது. அவள் கிடைக்கவில்லை.

எனக்கு இது தெரியும். தெரிந்தும், செத்துப்போனவர்களுக்குப் பயந்தால் பிழைக்க முடியுமா என்று நினைத்தேன். லோரிக்காரன் பயந்தால் ஒரு வளைவுகூடத் தாண்ட மாட்டான்.

மச்சானோடு நாலு பேர் சேர்ந்தார்கள். எல்லாருமே கொழுந்து எடுக்கிறவர்களின் பிள்ளைகள். ரேடியோவை மண்மேட்டில் வைத்து அந்தக் கேசட்டைப் போடுவார்கள். தாளத்துக்குப் பந்து தட்டுவான் மச்சான். கால் இடுக்கில் ஒரு தட்டு, முதுகுக்குப் பின்னால் ஒரு தட்டு, பார்க்காமல் ஒரு வீச்சு. கால்சட்டை இடுப்பில் நிற்காமல் கயிறு போட்டுக் கட்டியிருப்பான். டவுன் பையன்கள் எல்லாரும் தொடை தெரிகிற குட்டைக் கால்சட்டை போட்ட காலம் அது.

"ஏ கால்சட்ட! அவுந்து விழுந்துரப் போவுதுடா, புடிச்சுக்க!" என்று மேட்டிலிருந்து பெண்கள் கத்துவார்கள்.

"விழுந்தா நீ வந்து கட்டி விடு சின்னம்மா!" என்பான்.

கேசட்டில் ஒருத்தன் கூப்பிடுவதும் கூட்டம் பதில் சொல்வதும் அந்தப் பிள்ளைகளுக்குப் புதுசாகவே தெரியவில்லை. அவர்கள் தாய்மார்கள் பனிக்குள் தினமும் செய்கிற காரியம்தானே? அதனால் ஆட்டத்துக்குள்ளும் அதைக் கொண்டுவந்தார்கள். மச்சான் "ஹோய்" என்பான். நாலு பேரும் வரிசையாகப் பதில் கொடுப்பார்கள். எவன் எங்கே நிற்கிறான் என்று பார்க்காமலே பந்து போகும். பனி இறங்கினாலும் ஆட்டம் நிற்காது.

ஒருநாள் என் மாமியார் மேட்டுக்கு மேலே வாசலில் துணி உலர்த்திக்கொண்டே கேசட்டைக் கேட்டவர் கையிலிருந்த துணியோடு அப்படியே நின்றுவிட்டார்.

"மாப்ள, எல்லாரும் சொல்லி முடிச்ச பொறவு கடைசியா ஒரு கொரலு தனியா வருதே, கேக்குதாங்க?"

கேட்டேன். கூட்டம் ஒன்றாகப் பதில் சொல்கிறது. அது அடங்கி, ஒரு மூச்சு கழித்து, மெல்லிசாக ஒன்று.

"எதிர் மலையில பட்டுத் திரும்புது அத்தை. எதிரொலி," என்றேன்.

அவர் ஈரத்துணியைக் கொடியில் போடாமல் வீட்டுக்குள் கொண்டுபோய்விட்டார். அன்றைக்கே கொஞ்ச நேரத்தில் ரேடியோவின் பாட்டரி தீர்ந்து கேசட் நின்றுபோனது. பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். மச்சான் குரல் கொடுத்தான், நாலு பதில் வந்தது. அடங்கியது. ஒரு மூச்சு கழித்து மெல்லிசாக ஒன்று வந்தது. எதிரொலி என்றால் மச்சானின் தடித்த குரல் அல்லவா திரும்ப வேண்டும்? நான் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். 

இன்னொரு நாள் மச்சானைச் சாப்பிடக் கூப்பிடப் போனேன். பனி முழுசாக இறங்கியிருந்தது. தளத்தில் பந்து சத்தம். கிட்டே போனால் மச்சான் மட்டும் நிற்கிறான். பந்தைப் பனிக்குள் வீசுகிறான். அங்கே தொம் என்று ஒரு தட்டுச் சத்தம் கேட்கிறது. பந்து திரும்பி நேராக அவன் நெஞ்சுக்கு வருகிறது. மறுபடி வீசுகிறான், மறுபடி வருகிறது. வேகமாக வீசினால் வேகமாக வருகிறது. ஏமாற்றி வீசினால் ஒரு நொடி தாமதித்து, அவனை ஏமாற்றுகிற மாதிரி வேறு பக்கத்திலிருந்து வருகிறது. அவன் சிரிக்கிறான்.

"யாருடா அந்தப் பக்கம்?"

"யாரும் இல்ல மாமா."

"பந்து எப்புடித் திரும்புது?"

"செவுத்துல பட்டு."

"செவுரு எங்கடா இருக்கு இங்க?"

அவன் பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு என்னைத் தாண்டி நடந்தான். 

அந்த வருடம் தவுக்கே ஒரு செய்தி கொண்டுவந்தார். பிரிஞ்சாங் டவுன் அணியை நடத்துகிறவர் அவர்தான். கோலாலம்பூர்க் கம்பெனி ஒன்றிலிருந்து ஆள் தேடி ஒருவர் வருகிறார், ஒரே ஒரு ஆளுக்குத்தான் இடம். ஆட்டம் வைத்துப் பார்க்க வேண்டிய டவுன் திடலைச் சாக்கடைக்காகத் தோண்டிப் போட்டிருந்தார்கள்.

"எங்க தோட்டத்துல வெச்சுக்கலாம் தவுக்கே. எங்க பசங்களும் ஆடுவாங்க. இல்லன்னா ஒங்க கோபிஸ வேற லோரியில ஏத்திக்குங்க," என்றேன்.

தவுக்கே தமிழ் நன்றாகப் பேசுவார். "நீ லோரி ஓட்டுறியா, என்னை ஓட்டுறியா?" என்று சிரித்துவிட்டு ஒத்துக்கொண்டார். அப்படிப் பேசி வாங்க இந்த மலையில் அப்போது என்னைத் தவிர ஆள் இல்லை.

ஆட்டத்தன்று வெயில் நன்றாக அடித்தது. தோட்டமே மண்மேட்டில் உட்கார்ந்திருந்தது. கோலாலம்பூர்க்காரர் ஆபீசிலிருந்து கொண்டுவந்து போட்ட நாற்காலியில், விளிம்புப் பக்கம் தளத்தின் ஓரத்தில், வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மலாய்தான் பேசினார். தவுக்கே பக்கத்தில் நின்று எனக்குத் தமிழில் சொன்னார்.

முதல் பாதியில் மச்சான் ஆடியதை இன்றைக்குத் தொலைக்காட்சியில் போட்டால் காசு கொடுத்துப் பார்ப்பார்கள். கேசட் ஓடுகிறது, அந்தத் தாளத்தில் இவன் நடக்கிறான். மறிக்க வந்த டவுன் அணித்தலைவனிடம் மச்சான் வாயடித்தான்.

"வா பாஸ் வா. ஊரு சிமெண்டுல ஆடிப் பழகினவன் நீ. இது மலை லா, வழுக்கும், பாத்து வா!"

அவனுக்குத் தமிழ் புரியவில்லை. திட்டு என்று மட்டும் புரிந்தது, முகம் சிவந்தது. மச்சான் அவன் கால்களுக்கு நடுவே பந்தைத் தட்டி மறுபக்கம் போய் எடுத்து வளையத்தில் போட்டான். போட்டுவிட்டுக் காதில் கையை வைத்து மேட்டைப் பார்த்தான். தோட்டமே கத்தியது.

கோலாலம்பூர்க்காரர் மட்டும் முகத்தைச் சுளித்தார்.

"என்னவாம் தவுக்கே?"

"நல்லா ஆடுறானாம். ஆனா தனக்குத்தான் ஆடுறானாம். இந்த மாதிரி வாய் அடிக்கிற ஆள் நெறைய இருக்காம். மத்தவனுக்குப் பந்து குடுக்கிற ஆள் வேணுமாம்."

இடைவேளையில் இதை மச்சானிடம் சொன்னேன். தண்ணீரைக் குடித்துக்கொண்டே தலையாட்டினான். "குடுக்கணும், அவ்ளோதான மாமா?" என்றான்.  அந்தக் கம்பெனிக்காரரின் தலையாட்டலில்தான் அவன் அடுப்பு அறையிலிருந்து வெளியே வருவதும் வராததும் தொங்கிக்கொண்டிருந்தது.

இரண்டாம் பாதி நடக்கும்போது கீழ்ச்சரிவிலிருந்து பனி ஏறியது. வழக்கமாக மேலிருந்துதான் இறங்கும், அன்றைக்குக் கீழிருந்து வந்தது. முதலில் விளிம்பு மறைந்தது, பிறகு நாற்காலியும் குடையும், பிறகு வளையம். இரண்டு அணியும் சமமாக நின்ற நேரம். நடுவர் விசில் ஊதி நிறுத்தலாமா என்று கேட்டார். டவுன் அணித்தலைவன் மாட்டேன் என்றான். தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பயந்து நிறுத்தினான் என்று பேச்சு வந்துவிடும் அல்லவா? கடைசிப் புள்ளி எடுப்பவன் ஜெயித்தவன் என்று முடிவானது.

அதற்குப் பிறகு யாரும் எதையும் பார்க்கவில்லை. கேட்டதைத்தான் சொல்கிறேன்.

காலடிகள் கேட்டன. கேசட்டின் தாளம் கேட்டது. டவுன் பையன்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு மோதிக்கொள்வது கேட்டது. பிறகு வளையத்துப் பக்கமிருந்து மச்சானின் குரல்.

"ஹோய்..."

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. நாலு பையன்களின் குரலும் எனக்கு நன்றாகத் தெரியும். மேட்டில் இருந்த பெண்கள் பழக்கத்தில் தலையை ஆட்டி எண்ணிக்கொண்டிருந்தார்கள். தலைகள் நின்றன. விளிம்புப் பக்கமிருந்து, மச்சானையும் சேர்த்தால் ஆறாவது குரல் வந்தது. மெல்லிசாக, பெண் குரலாக, அவசரமே இல்லாமல்.

பந்து காற்றில் போகிற சத்தம். பலகையில் மோதவில்லை, கம்பியில் உரசவில்லை. கோபிஸ் வலை மட்டும் ஒருமுறை சரக்கென்றது.

நடுவர் விசில் ஊதினார். எவனோ கேசட்டை நிறுத்தினான். கோலாலம்பூர்க்காரர் பனிக்குள்ளிருந்தே சத்தம் போட்டார். சந்தோஷத்தில்தான் கத்தினார். தவுக்கே ஓடிப்போய்க் கேட்டுவிட்டு வந்தார், நான் ஐந்து பையன்களையும் இழுத்துக்கொண்டு அவர் நாற்காலிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"பந்து போட்டவன் வேணாமாம். அந்த வீச்சுக்கு யாரு கை வெச்சாலும் விழுந்திருக்குமாம். பந்து குடுத்தானே, அவன்தான் வேணுமாம். இவர் நாற்காலிக்குப் பின்னால ஓடி, இவர் காதுக்குப் பக்கத்துல வீசினானாம். இந்த மாதிரிக் கை இவர் பார்த்ததே இல்லையாம். மெல்லிசுக் குரல் உள்ளவன். யாரு அது?"

என் கையை மச்சானின் தோளில் வைத்துவிட்டேன். வாயில் வார்த்தை வந்துவிட்டது.

"இவன்தான் தவுக்கே! என் மச்சான்!"

கோலாலம்பூர்க்காரர் எழுந்து மச்சானின் கையைப் பிடித்தார். நீயா என்று மலாயில் கேட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தையில் கோலாலம்பூர், வேலை, சட்டை, சம்பளம், புகையில்லாத மூச்சு. பனியில் எவனும் பார்க்கவில்லை. எவனும் மறுக்கப் போவதுமில்லை.

மச்சான் அவன் அம்மாவைப் பார்த்தான். என் மாமியார் மேட்டிலிருந்து இறங்கி எங்களுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டிருந்தார். அவர் கண்ணைக்கூடக் காட்டவில்லை.

"நான் இல்ல மாமா," என்றான் மச்சான்.

"டேய்!"

"என் கொரல நான் குடுத்துட்டேன். அது வேற ஆளு கொரலு. நான் எப்புடி என்னுதுன்னு சொல்லுவேன்?"

கோலாலம்பூர்க்காரர் அடுத்த பையனைக் கேட்டார். அவன் இல்லை என்றான். அதற்கடுத்தவனும் இல்லை என்றான். ஐந்து பேரும். அவர்களில் எவன் வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். டவுன் பையன்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். பிரமாதமான ஒரு வீச்சை வீசிவிட்டு, நான் வீசவில்லை என்று சாதிக்கிற அணியை உலகத்தில் எங்கே பார்க்க முடியும்? கோலாலம்பூர்க்காரருக்குக் கோபம் வந்தது. தன்னைக் கேலி செய்கிறோம் என்று நினைத்துவிட்டார்.

"அப்ப யாரு லா? நீங்க அஞ்சு பேர்தானே?" என்றார் தவுக்கே.

அப்போது குரல் மறுபடி வந்தது. நாற்காலிக்குப் பின்னாலிருந்து. யாரும் கூப்பிடாமலே, "ஹோய்..." என்று. "எல்லாம் ஏறியாச்சா?" என்று கேட்ட மாதிரி இருந்தது, "நான் இன்னும் இங்கதான் இருக்கேன்" என்று சொன்ன மாதிரியும் இருந்தது.

டவுன்காரர்கள்கூடச் சிரிப்பை நிறுத்தினார்கள். பழைய லயத்துப் பக்கம் பனிக்குள் குரல் கேட்டால் பதில் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் தோட்டத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். மேட்டில் இருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். என் மாமியார் மட்டும் விளிம்புக்கு நடந்தார். மச்சான் பின்னாலேயே போய் அவர் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டான்.

"அடியே!" என்று கீழே பார்த்துக் கூப்பிட்டார். நான் அவரிடம் அப்படி ஒரு சத்தத்தை அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. "நீ ஏறலடி. ஏறிட்டேன்னு நான் சொன்னது பொய்யி. ஒங்கொரல நான் எடுத்துக்கிட்டேன். இப்ப நீயே குடுத்துட்டல்ல? கேட்டுருச்சு. எல்லாருக்கும் கேட்டுருச்சு. ஏறி வாடி."

  பிறகு சிமெண்டில் தொம், தொம் என்று சத்தம். பந்து விளிம்புப் பக்கமிருந்து மெதுவாகத் தட்டிக்கொண்டே பனிக்குள்ளிருந்து வந்தது. தட்டு சின்னதாகிச் சின்னதாகி, உருண்டு, என் மாமியாரின் கால் பக்கத்தில் நின்றது. வலைக்குள் விழுந்த பந்து விளிம்புக்கு எப்போது போனது என்று என்னைக் கேட்காதீர்கள்.

மேட்டில் எந்தப் பெண் என்று தெரியவில்லை, ஒருத்தி சொன்னாள்: "ஏறியாச்சு."

பனி கொஞ்சம் விலகியது. கோலாலம்பூர்க்காரர் எதேச்சையாகத் திரும்பித் தன் நாற்காலிக்குப் பின்னால் பார்த்தார். நாற்காலியின் பின்கால்கள் விளிம்பில் இருந்தன. அதற்குப் பின்னால் ஒருத்தன் ஓட இடமில்லை, நிற்கவும் இடமில்லை. கீழே தேயிலைதான் தெரிந்தது. அவர் குடையை மடக்கினார். காரில் ஏறி உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். அந்த வேலை டவுன் அணித்தலைவனுக்குப் போனது.

நான் மச்சானோடு பல நாள் பேசவில்லை. எனக்கு அந்த நிலைமை வந்திருந்தால் நான்தான் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருப்பேன், இன்றைக்கும் சொல்வேன். அப்படிச் சொல்லித்தான் நான் மேலே வந்தேன். ஆனால் அந்தப் பிள்ளையை அடுப்பு அறையிலேயே விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை. நானே லோரி ஓட்டக் கற்றுக்கொடுத்து என்னிடம் வைத்துக்கொண்டேன். இன்றுவரை என் லோரிகளில் ஒரு கீறல்கூடப் போடாத ஓட்டுநர் அவன்தான். லோரியில் தினமும் மலையிலிருந்து இறங்குகிறான், கம்பெனிக்குப் போகவில்லை, அவ்வளவுதான். மாலுமியின் கேசட்டை அதற்குப் பிறகும் கேட்டோம். கூட்டம் பதில் சொல்லும், அடங்கும். அதோடு சரி. தனியாக எதுவும் வருவதில்லை.

பழைய லயத்துத் தளத்தின்மேல் இப்போது காட்டுச்செடி மூடிவிட்டது. அதை ஒட்டித்தான் ரோடு போகிறது. மத்தியானத்துக்கு மேல் பனி இறங்கிய நேரத்தில் மச்சான் அந்த வளைவுக்கு வந்தால் லோரியை ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்திவிடுவான். பின்னால் வருகிறவன் ஹோன் அடிப்பான், கெட்ட வார்த்தை சொல்வான். ஒருமுறை நானே பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"சரக்கு வாடுது, ஏன்டா நிக்கிற?"

"ஒரு நிமிசம் மாமா. எல்லாரும் ஏறட்டும்."

லோரியில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். முதலாளி நான், திட்டியிருக்கலாம். கதவுப் பக்கம் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, நடுவில் இடம் விட்டேன்.